பதினேழாவது மாடி ஜன்னல்

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கம் இல்லை. மாத்திரை எதுவும் போட்டிருக்கவில்லை. நான் இயற்பியல் படித்தவள், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்தது. நடந்த இடம் பெக்காசி நகரத்தில், சுங்கச்சாவடி தாண்டி இடப்பக்கம். இப்போது போய்ப் பார்த்தால் அங்கே புல் மட்டும்தான் இருக்கும்.

அந்தப் புல்வெளியில் ஒரு மாதிரி வீடு இருந்தது. இருபத்து நான்கு மாடிக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று வாங்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காகக் கட்டியது. வெளியே பார்த்தால் கண்ணாடி முகப்பு வைத்த தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, குளியலறை எல்லாம் அசல் அளவில். சாம்பல் நிறச் சுவர், வெளிர் மரத் தரை, கைப்பிடியே தெரியாத அலமாரிகள், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாத வெளிச்சம். உள்ளே வருகிறவர்கள் தாமாகவே குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

எல்லாம் ஏமாற்று. அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கட்டிலை ஒரு சாண் குட்டையாகச் செய்திருந்தார்கள். உள்கதவுகள் பொருத்தவே இல்லை. கதவு இடத்தை அடைக்கும். புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான். ரொட்டி பிளாஸ்டிக். குழாய்களுக்குப் பின்னால் இணைப்பே இல்லை, அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. ஜன்னலுக்கு வெளியே பதினேழாவது மாடி உயரத்திலிருந்து எடுத்த நகரத்தின் படம். அதற்குப் பின்னால் விளக்கு. அந்த வீட்டில் எப்போதும் காலை பத்து மணி.

அதைப் பத்து மணியாகவே வைத்திருப்பது என் வேலை. தலையணைச் சுருக்கத்தை நீவுவது, கண்ணாடிக் கைரேகைகளைத் துடைப்பது. எனக்குச் சாமர்த்தியமாகப் பேச வராது. விற்பனையை விந்தி பார்த்துக்கொண்டாள். அவள் பேசினால் கல்லும் முன்பணம் கட்டும்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கேள்வி கேட்பார்கள். தொழ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கிப்லா எந்தத் திசை? நான் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே பதில் அதுதான். இந்தக் கொட்டகையை நிலத்துக்குத் தோதாகத் திருப்பிக் கட்டியிருந்ததால், இங்கே கிப்லா அலமாரிப் பக்கம். நிஜக் கட்டடத்தில் ஜன்னல் பக்கம்.

என் அம்மாவும் அதைத்தான் கேட்டாள்.

அப்பாவின் வயலை விற்று அம்மா வாங்கியது இந்தக் கட்டடத்தில்தான். பதினேழாவது மாடி. அதுவரை நாங்கள் கால்வாய்க்குப் பின்னால் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அம்மாவுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் வரும் ஒரு ஜன்னல், அதன் அடியில் தொழ ஓர் இடம், யாரும் காலி செய்யச் சொல்லாத வீடு.

"அங்க ஜன்னலைப் பாத்தே தொழலாமா?" அம்மா அந்தக் குட்டைக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஆமாம்மா."

எழுந்து போய் ஜன்னலைச் சாணால் அளந்தாள். "என் ரூமுக்கு மஞ்சள் திரை. உன் சின்ன ரூமுக்கு என்ன கலரு?"

"எதுன்னாலும் சரிம்மா."

"எதுன்னாலும்னு ஒரு கலர் இருக்கா? சொல்லுடி."

"பச்சை."

வரவேற்பறையில் கட்டடத்தின் சின்ன உருவம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. விற்ற வீடுகளில் மட்டும் கடுகளவு விளக்கு எரியும். அம்மா கையெழுத்துப் போட்டதும் விந்தி சுவிட்சைத் தட்டினாள்.

"லைட்டு போட்டாச்சு ஆன்ட்டி. இனிமே கரண்ட் பில்லு உங்க தலையில."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு கட்டுமான இடத்தில் பாரந்தூக்கி ஓடாமல் நின்றது. மழை முடியட்டும் என்றார்கள். நோன்புப் பெருநாள் முடியட்டும் என்றார்கள். மூன்றாவது வருடம் கேட்பதற்கும் ஆள் குறைந்துபோனது. அஸ்திவாரக் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. அதைத் தாண்டி ஓர் அடி எழும்பவில்லை. நான் மேலாளர் தர்சோனோவிடம் ஒரு முறை போய் நின்றேன்.

"நீங்களே இப்படி வந்து கேட்டா எப்படி லாரஸ்? வெளிய இருக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார்.

அவருடைய மேசையில் பாதிப் பொருட்கள் ஏற்கெனவே அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவள் திரை தைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. காலை 8:40. மாதிரி வீட்டின் குளியலறையில் கால்மிதி ஈரமாக இருந்தது.

"ஏசி ஒழுகியிருக்கும்" என்றாள் விந்தி.

ஏசி கூடத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கழுவுதொட்டியின் ஓரத்தில் நீர்த்துளிகள். புதன்கிழமை மரத் தரையில் ஈரப் பாதங்கள், குளியலறையிலிருந்து பெரிய படுக்கையறைக்கு. போனதற்கு மட்டும் தடம் இருந்தது.

வியாழக்கிழமை அந்த அறையில் தொழுகை விரிப்பு ஒன்று விரித்துக் கிடந்தது.

"பெருக்க வர்ற அக்காவா இருக்கும். இங்க யாரு பாக்கப் போறாங்கன்னு தொழுதிருப்பாங்க. அதுக்கும் பயமா? நீயெல்லாம் காலேஜ் படிச்ச புள்ளையா?"

"பெருக்க வர்றவங்களைப் போன மாசமே நிறுத்திட்டாங்களே."

விந்தி காப்பி வாங்கப் போய்விட்டாள்.

விரிப்பு அலமாரியைப் பார்த்து இருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்து, கொஞ்சம் சாய்வாக இருந்தது. இங்கே தொழுகிற யாரும் அப்படிப் போட மாட்டார்கள். மடித்து வைத்தேன். மறுநாள் அதே இடத்தில், அதே சாய்வில் கிடந்தது. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து அந்தச் சாய்வை அளந்தேன். வரவேற்பறைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வடக்குக் குறியைப் பார்த்து, நிஜக் கட்டடத்தில் அந்த அறை எப்படித் திரும்பியிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

பொருந்தியது.

கட்டாத வீட்டில் கிப்லா எங்கே இருக்குமோ, விரிப்பு துல்லியமாக அங்கே திரும்பியிருந்தது. அதை விரித்தவர் இந்தக் கொட்டகையில் இருக்கவில்லை.

அன்று மாலை விந்தி சீக்கிரம் கிளம்பிவிட்டாள். 5:40க்கு நான் மின்சாரப் பெட்டியின் பிடியை இறக்கினேன். கூடம் இருண்டது. ஏசி நின்றது. பை எடுக்கத் திரும்பினேன்.

படுக்கையறையிலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

பத்து மணி வெளிச்சம் இல்லை. சிவந்த வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். படத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நகரத்தில் ஒவ்வொன்றாக விளக்குகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அது அச்சடித்த படம். அதன் ஓரத்தை நானே பசை வைத்து ஒட்டியிருக்கிறேன்.

5:54. வெளியே பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னார்கள்.

குளியலறையில் தண்ணீர் விழுந்தது.

சளசளவென்று... நின்று... மறுபடியும். தொழுகைக்கு முன் செய்வதுபோல் கை, வாய், முகம், கால் என்று வரிசையாகக் கழுவும் சத்தம். நான் கூடத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். யாரும் என்னைக் கடந்து போகவில்லை. தரையில் மட்டும் ஈரம் ஒவ்வொரு தடமாக முன்னேறிப் படுக்கையறைக்குள் போனது.

ஓடியிருக்கலாம். வெளிவாசல் அந்த அறையைத் தாண்டி இருந்தது. அறைக்குக் கதவு இல்லை.

தாண்டும்போது பார்த்துவிட்டேன்.

வெள்ளைத் தொழுகை அங்கி. சின்ன உடம்பு. ஜன்னலைப் பார்த்துத் தொழுதுகொண்டிருந்தது. முணுமுணுப்பு கேட்டது. நடுவில் ஒரு வறட்டு இருமல்.

அந்த இருமல் எனக்குத் தெரியும்.

அங்கேயே நின்றுவிட்டேன். அந்த உருவம் குனிந்தது... நெற்றி தரையில் பட்டது... உட்கார்ந்தது. தொழுகை முடியப் போகிறது.

முடியும்போது முகம் முதலில் வலப்பக்கம் திரும்பும். பிறகு இடப்பக்கம். குழந்தையிலிருந்து தெரிந்த வரிசை.

நான் நின்றது இடப்பக்கம்.

வலப்பக்கம் திரும்பியது.

மெதுவாக...

இடப்பக்கம்.

அம்மா.

என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்ப்பது போல நான் நின்ற இடத்தைப் பார்த்தாள். அவளுக்கு அங்கே நான் இல்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. வழக்கமாக என்னைக் கொண்டுபோய் விடும் வாடகை பைக்காரர் தாதாங் சாலையோரத்தில் நின்றிருந்தார். வழி முழுக்க ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார்.

அம்மா எங்கள் அறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள்.

"ஏண்டி மூச்சு வாங்குது? நாய் துரத்துச்சா?"

தொட்டுப் பார்த்தேன். கை சூடாக இருந்தது. கீழே பார்த்தேன். கணுக்கால் வரை ஈரம். சிமெண்டுத் தரையில் அவளுடைய இரண்டு காலுக்கு அடியிலும் தண்ணீர் தேங்கியிருந்தது.

"தண்ணி வந்துச்சாம்மா?"

"எங்க... காலையிலேர்ந்து வரலையே. பக்கத்து வீட்லயும் இல்ல." அவளும் தன் காலைப் பார்த்தாள். பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருந்துச்சுல்ல?"

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது என்று முன்பே சொன்னேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். மாதிரி வீட்டில் அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் நான் போகவில்லை. எங்கள் அறையில் ஒவ்வொரு விடியலிலும் அம்மாவின் படுக்கை ஓரம் ஈரமாக இருந்தது. அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். வைத்தியர் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். சோறு போட்டால், "அங்கயே சாப்ட்டேனே" என்பாள். பிறகு தானே குழம்பிப்போய்த் தட்டை வாங்கிக்கொள்வாள். ஒரு நாள் மட்டும், "அங்க ஒருத்தியா இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

பிப்ரவரி வெள்ளத்தில் அம்மா இறந்தாள். அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலில் படுத்தபடி, சுவரில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

வெள்ளம் வடிந்த பிறகு அவள் பொருட்களை எடுத்து வைத்தேன். திரைகளை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டிக் கட்டிலுக்கு மேல் மாட்டியிருந்தாள். உறை அங்கேயே இருந்தது. முடிச்சு அவிழ்க்காமல் இருந்தது. ஒரு சொட்டு ஈரம் படவில்லை.

உள்ளே ஒன்றும் இல்லை.

மார்ச்சில் நிறுவனத்தை மூடினார்கள். தகரக் கொட்டகையைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். கட்டடம் இனி எழும்பாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. விந்தி சுராபாயா போய்விட்டாள்.

போன மாதம் சம்பளப் பாக்கி விஷயமாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாதாங் அதே இடத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைக்கவசத்தை நீட்டினார். அந்த நிலத்தைத் தாண்டும்போது வண்டியை வேகமாக விரட்டினார்.

"ஏண்ணே?"

"இருட்டற நேரத்துல இங்க யாரும் நிக்கறதில்லம்மா. நீ இங்க வேலை பாத்த புள்ள, உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"ஜன்னலு." தலையை மட்டும் மேலே ஆட்டினார். "பாங்கு சொல்ற நேரத்துக்கு ஆகாசத்துல எரியும். கட்டடம் கிட்டடம் ஒண்ணும் இல்ல, வெறும் ஜன்னலு. மொதல்ல ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு. இப்ப அங்கங்க எரியுது. ஆளுங்க ஒவ்வொருத்தரா குடி வர்ற மாதிரி."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பிப்ரவரிலேர்ந்து உசரத்துல ஒண்ணு புதுசும்மா. அதுல மட்டும் மஞ்சத் திரை போட்டிருக்கு. பாக்க நல்லாத்தான் இருக்கு, என்ன சொல்றது."

வண்டி பாலம் ஏறியது. காற்றில் அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"அதுக்குப் பக்கத்துல சின்னதா இன்னொண்ணு. அது இன்னும் எரியல. யாரும் வரல போல. ஆனா அதுக்கும் திரை போட்டாச்சு."

என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

அவரே சொன்னார்.

"பச்சை."