ஒரு வாரம் சுகர், ஒரு வாரம் கொழுப்பு

பஸ் டிப்போவுல அவரை எல்லாரும் 'டெஸ்ட்' அண்ணன்னுதான் கூப்பிடுவாங்க. முப்பது வருஷ மெக்கானிக். எந்த வண்டி மக்கர் பண்ணாலும் ரெண்டு பார்ட்டைச் சேர்த்து மாத்த விடமாட்டாரு.

"ஒண்ணை மாத்து, ஓட்டிப் பாரு, அப்புறம் அடுத்தது. ரெண்டையும் மாத்திட்டா எது வேலை செஞ்சுதுன்னு உங்க தாத்தாவா வந்து சொல்லுவாரு?"

தொண்டையைச் செருமிக்கிட்டு அவரை மாதிரியே இதைப் பேசிக் காட்டாத ஆளு டிப்போவுல கிடையாது.

இந்த வருஷம் அவருக்குச் சுகரோட கொழுப்பும் ஏறிடுச்சு. டாக்டரம்மா ரெண்டுக்கும் தனித்தனி மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. அவரோட கூடப்பிறந்த அண்ணன் ஐம்பத்திரண்டு வயசுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சு போய்ச் சேர்ந்தவரு. இவருக்கு இப்போ அதே வயசு. அதனால வீட்டுக்காரம்மா தினமும் சாப்பாட்டு டப்பாவோட மாத்திரையையும் வச்சு அனுப்பிட்டு, மதியம் போன் பண்ணி, "போட்டீங்களா?"ம்பாங்க. "போட்டாச்சு, போட்டாச்சு"ன்னு இவரு போனை வச்சிடுவாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தாங்க. பாக்கெட்டுல டிப்போவுல வண்டி ரிப்பேர் விவரம் எழுதுற ஜாப் கார்டு ஒண்ணு. வண்டி நம்பர் போடுற இடத்துல 'நான்'னு எழுதியிருக்கு. கீழே, 'முதல் வாரம் சுகர் மாத்திரை மட்டும். படியேறிப் பார்த்தேன், மூச்சு ஓகே. ரெண்டாவது வாரம் கொழுப்பு மாத்திரை மட்டும். மூச்சு ஓகே.' இப்படியே ஆறு வாரம்.

அந்தம்மா கத்தல. ஈரக் கையோட வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க.

"ஏங்க, ஒரு வாரம் ஆயில் மட்டும், ஒரு வாரம் தண்ணி மட்டும் ஊத்திப் பஸ்ஸை ஓட்டுவீங்களா?"

"எஞ்சின் ஜாம் ஆயிடும்மா..."

சொல்லிட்டு அவங்க கையிலிருந்த கார்டை வாங்கிப் பார்த்தாரு.

மறுநாள் டாக்டரம்மா கார்டை ரெண்டு தடவை படிச்சாங்க. "சுகர் இருந்தா ரத்தக்குழாய்ல கொழுப்பு சீக்கிரம் படியும். ஒரு மாத்திரை சுகரைப் பிடிக்கும், இன்னொண்ணு கொழுப்பைப் பிடிக்கும். ரெண்டும் சேர்ந்துதான் இதயத்தைக் காக்கும். மூச்சு நல்லாயிருக்குன்னா உள்ளேயும் நல்லாயிருக்குன்னு அர்த்தமில்லை."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"நிறுத்தணும்னா நான் சொல்றேன். நீங்களா நிறுத்தாதீங்க."

ஆஸ்பத்திரி கேன்டீன்ல சாப்பிட்டு முடிச்சதும் அவரு வீட்டுக்காரம்மாகிட்ட மெல்லக் கேட்டாரு. "ரொம்ப நாளாகும் போலிருக்கே. அவ்வளவு நாள் உனக்கு நான் வேணுமா?"

"பின்ன? வேற மாப்பிள்ளை பார்க்க எனக்கு ஏது நேரம்?" மூக்கை உறிஞ்சிக்கிட்டே தண்ணியை நீட்டினாங்க.

ரெண்டு மாத்திரையையும் சேர்த்தே முழுங்கினாரு. அப்பவும் அந்தம்மா நம்பல.

"வாயைத் திறங்க."

அவரு நாக்கை முழுசா நீட்டிக் காட்டினாரு.