அழுத்தாமல் போட்ட காபி

மலையேற வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பது என் தொழில். இப்படி ஒரு தொழில் உண்டு என்பதே மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது. முதுகுப் பையில் எவர்சில்வர் ஃபில்டர், விருதுநகரில் அரைத்து வாங்கிய பொடி, பால் பவுடர், உள்ளங்கை அகலத்தில் ஒரு கேஸ் அடுப்பு. ராஜபாளையத்துக்கு மேற்கே மலைமேல் ஒரு தனியார் எஸ்டேட் இருக்கிறது. அதன் ஓரத்தில் கூடாரம் போட அனுமதி உண்டு. வெள்ளிக்கிழமை ஏறினால் ஞாயிற்றுக்கிழமை இறங்குவோம். அதற்குள் பன்னிரண்டு பேருக்கு ஆறு தடவை காபி. கேட்க சுகமாகத்தான் இருக்கும்.

கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறீர்களா? குக்கர் விசில் அடிக்கும் முன் அடுத்த அறைக்குப் போய் நிற்கிறவரா? தீபாவளி அன்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்காருகிறவரா? அப்படியானால் நீங்கள் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினைந்து வருஷம் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கினேன். ஒருநாள் பக்கத்து ரூம் வெடித்துப் போயிற்று. அதற்குமேல் அதைப்பற்றி எழுத என்னால் முடியாது. மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. என் மனைவி ஜெசிந்தா மட்டும் அதே கம்பெனியில், சரம் பின்னுகிற பகுதிக்கு, இன்னமும் போய்க்கொண்டிருக்கிறாள்.

தீப்பெட்டி

முதல் பயணம். எங்கள் குழுவை நடத்துகிற நித்யா மதுரைப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை, மலையில் ஆடு மாதிரி ஏறுவாள். மேலே போய்ச் சேர்ந்ததும், "சகாயம் அண்ணே, எல்லாருக்கும் சூடா ஒரு காபி" என்றாள். அடுப்பை எடுத்து வைத்தேன். தண்ணீர் வைத்தேன். பொடி எடுத்தேன். பையை நான்கு தடவை கவிழ்த்துப் பார்த்தேன். தீப்பெட்டி இல்லை.

மறந்து வரவில்லை. ஜெசிந்தா என் பையின் பக்க அறையில் இரண்டு பெட்டி வைத்திருந்தாள். காலையில் வீட்டு வாசலைத் தாண்டும்போது என் கை தானாகப் போய் அந்த இரண்டையும் எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டது. கம்பெனி கேட்டில் தினமும் சட்டைப் பையைத் திருப்பிக் காட்டி, கையைத் தூக்கி நின்று, தடவிப் பார்க்க விட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன். தீப்பெட்டியோடு வேலைக்குப் போவது என்பது என் உடம்புக்கே தெரியாத காரியம். வந்த பன்னிரண்டு பேரும் உடம்பைப் பேணுகிறவர்கள், ஒருவரிடமும் பீடி சிகரெட் கிடையாது. கடைசியில் எஸ்டேட் காவலாளி வீட்டுக்கு ஒன்றரை மைல் நடந்துபோய் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். வழியெல்லாம் அதைச் சட்டைப் பையில் போடாமல், உடம்பை விட்டுத் தள்ளிக் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன். வந்ததும் நித்யா அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். சாத்தூர் பக்கத்துச் சரக்கு.

"ஏண்ணே, ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புற ஊர்லருந்து வந்துட்டு, உங்க ஊர்ப் பெட்டியையே மலை உச்சியில போய்க் கடன் வாங்கியிருக்கீங்களே!"

மண்ணைத் தொட்டு

மருந்து ரூமுக்குள் காலடி வைக்கும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஏதாவது மின்சாரம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது இறங்கிவிடும். செருப்பு கூடாது. நைலான் சட்டை கூடாது. ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் கூடாது. முகம் வாசலைப் பார்த்தே இருக்க வேண்டும், ஓடுவதற்கு.

மலையில் செம்புத் தகடு ஏது? அடுப்பைத் தொடும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து இரண்டு உள்ளங்கையாலும் மண்ணைத் தொட்டுக்கொள்வேன். சரிவு இறங்குகிற பக்கம் பார்த்துக் குந்துவேன். "நாலு பேருக்கு மேல நிக்காதீக, தள்ளிப் போங்க" என்று சத்தம் போடுவேன். தீக்குச்சியை உரசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்த முதல் குழுவில் கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வந்திருந்தார். முதல் நாள் எல்லாவற்றையும் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலையில் நான் மண்ணைத் தொடக் குனிந்தால், எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். பயத்தில் செய்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு டீச்சரம்மா டம்ளரை என்னிடம் நீட்டிச் சொன்னார்:

"இத்தனை பக்தியாப் போடறீங்க, அதனாலதாங்க தண்ணியா இருந்தாலும் குறை சொல்ல மனசு வரலை."

பொடியை அழுத்தணும்

தண்ணியாக இருந்தது என்பது உண்மை. என் காபி எப்போதும் தண்ணிதான். காரணமும் எனக்குத் தெரியும்.

ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடை மாதிரி காம்பு வைத்த தட்டால் மெதுவாக அழுத்த வேண்டும். அப்போதுதான் வெந்நீர் நின்று நிதானமாக இறங்கும், டிகாஷன் கெட்டியாக வரும். அழுத்தாவிட்டால் தண்ணீர் கடகடவென்று ஓடிவிடும். இது காபி குடிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மருந்து ரூமில் எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தது நான்கு விஷயம்: தேய்க்காதே, தட்டாதே, இழுக்காதே, அழுத்தாதே. பாத்திரத்தில் பொடியைக் கண்டால் என் கை இறகு மாதிரி ஆகிவிடும். தட்டைப் பொடிமேல் வைப்பேன், வைத்த கையை எடுத்துவிடுவேன்.

சென்னையிலிருந்து கார்த்திக் என்று ஒருவர் அடிக்கடி வருவார். கம்ப்யூட்டர் வேலை. காபி விஷயத்தில் பெரிய கெடுபிடிக்காரர், பொடியை நிறுத்துப் பார்க்கச் சின்னத் தராசே கொண்டுவருவார். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அழுத்துங்கண்ணே, இது காபிப் பொடிதானே, வெடிச்சிடாது" என்றார். தெரியும் சார் என்றேன். தெரிந்து என்ன செய்ய? தட்டின்மேல் விரலை வைத்தேன். காது அடைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்து ரூமின் சுவர் கண்முன் வந்து நின்றது. கையை எடுத்துவிட்டேன். அவர் பாவம், காபி வரும்வரை காத்திருந்தார். ஒரு வாய் குடித்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது காபி இல்ல. காபியா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

பாறைமேல் போன்

எங்கள் முகாமில் போன் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, கிழக்குப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பாறை. வெள்ளி, சனி இரண்டு நாளும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் அந்தப் பாறைமேல் இருப்பேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். வேலை முடிந்து ஜெசிந்தா அதை வாங்கி முதலில் என்னைக் கூப்பிடுவாள். "முடிஞ்சிருச்சுங்க" என்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பகல் பூராவும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் அழைப்பு வர நாற்பது நிமிஷம் தாமதமாயிற்று. சீசன் நேரம், ஆர்டர் அதிகம், லோடு ஏற்றிவிட்டுத்தான் விட்டார்களாம். அவள் பேசியதும் கத்திவிட்டேன். நாளையோடு நின்றுவிடு என்றேன். எங்கள் மகள் மதுரையில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள், அவள் முடித்து வேலைக்குப் போகும்வரை போவேன் என்பது ஜெசிந்தாவின் கணக்கு. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் பயந்தா வீடு எப்படிங்க நடக்கும்? நீங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பயந்துக்கோங்க, நான் வேலைக்குப் போறேன்."

கிழக்கே

அது ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை மணி. முந்தின நாள் மழை பெய்து கழுவிவிட்ட மாதிரி வெளிச்சம். கீழே சமவெளி சிவகாசி வரைக்கும் தெரிந்தது. நான் இரண்டாவது காபிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது பாறைமேல் நின்ற யாரோ, "அங்க பாருங்க, ஏதோ குப்பை எரிக்கிறாங்க" என்றார்கள்.

குப்பைப் புகை சாய்ந்து போகும். இது எழுந்து நின்றது. அடியில் வெள்ளை, மேலே சாம்பல். எந்தத் திசை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம்தான். கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. பாறைக்கு ஓடி ஜெசிந்தாவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போன் வாட்ச்மேனிடம் இருக்கிறது, எடுக்க மாட்டாள் என்று தெரிந்தும் அடித்தேன். நித்யா ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "போனைக் குடுங்கண்ணே, நான் இங்கயே நின்னு அடிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க அடுப்புக்குப் போங்க. சும்மா நின்னீங்கன்னா விழுந்துருவீங்க" என்றாள். மற்றவர்களிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று நான் மண்ணைத் தொடவில்லை. யாரையும் தள்ளிப் போகச் சொல்லவில்லை. அடுப்பு எப்படிப் பற்றியது என்று நினைவில்லை. பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டு ஃபில்டரின் முன்னால் உட்கார்ந்தேன். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இறங்க இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் நான் ஆண்டவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று கேட்கவில்லை. ஆகிவிட்டது, அதுதான் கண்ணுக்கு நேரே நிற்கிறதே. பக்கத்துக் கம்பெனியாக இருக்கட்டும் என்று கேட்டேன். கேட்டேன், மறைக்க மாட்டேன்.

நித்யா கூப்பிட்டாள். ஓடினேன். போனில் ஜெசிந்தாவின் குரல்.

"எங்க கம்பெனி இல்லங்க, பக்கத்துக் கம்பெனி. எங்களையெல்லாம் ரோட்டுல கொண்டாந்து உக்கார வச்சிருக்காக. இப்பத்தான் போனைக் குடுத்தாக. அங்கன யாரு யாருக்கு என்ன ஆச்சுன்னு ஒண்ணும் தெரியலை. அழாதீக. காபிக்கு ஆளுக காத்திருப்பாகள்ல, போய்க் குடுங்க."

கேட்டது கேட்டபடியே கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கம்பெனியிலும் யாரோ ஒருத்தியின் போன் கேட்டில் அடித்துக்கொண்டே இருக்கும் என்று தோன்றியதும், அழுகையே வெட்கமாகிவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டுப் போய், பால் கலந்து பன்னிரண்டு டம்ளரில் ஊற்றினேன். கார்த்திக் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஆஹா! இத்தனை தடவை வந்ததுல இன்னைக்குத்தாண்ணே இது காபி. அப்படி என்ன பண்ணீங்க?"

பழையபடி

ஃபில்டரைக் கழுவும்போதுதான் பார்த்தேன். பொடி செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. தட்டின் காம்பு வளைந்திருந்தது. என் உள்ளங்கையில் அந்தக் காம்பு பதிந்த வட்டம் இரண்டு நாள் மறையவில்லை.

சோதனை என்று அந்த வட்டாரத்துக் கம்பெனிகளையெல்லாம் கொஞ்ச நாள் மூடினார்கள். பிறகு திறந்தார்கள். திறந்த அன்றே ஜெசிந்தா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. வாசலில் நின்று, "சாயங்காலம் போன் பண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த பயணத்தில் கார்த்திக் தராசு, டம்ளர் சகிதம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார், போன தடவை குடித்த காபி வேண்டுமாம். நான் செருப்பைக் கழற்றினேன், மண்ணைத் தொட்டேன், கிழக்கே ஒரு தடவை பார்த்தேன். வானம் சுத்தமாக இருந்தது. தட்டைப் பொடிமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அவர் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னண்ணே, பழையபடி தண்ணியா ஆயிருச்சு?"

எங்கள் மலைக்கு நீங்கள் வந்து, என் காபி தண்ணியாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், கோபப்படாமல் குடித்துவிடுங்கள், அன்றைக்கு எங்கள் ஊரில் எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.