ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லை

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு பழைய குட்டையைச் சுற்றி வேலி போட்டார்கள். குட்டையில் அன்னப்பறவை வடிவத்தில் மிதிபடகுகள், கரையில் ஒரு குட்டி ரயில், ஒரு ராட்டினம், ஒரு நீர்ச்சறுக்கு. இவ்வளவுக்கும் சேர்த்துக் கேளிக்கைப் பூங்கா என்று பெயர். திறந்த மூன்றாம் மாதமே கூட்டம் குறைந்தது. உடனே, குடும்பங்களுக்கு வருடப் பாஸ் என்று அறிவிப்பு வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒரே அட்டை. வருடம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், எதில் வேண்டுமானாலும் ஏறலாம். மாதக் கடைசிக்குள் வாங்கிவிட வேண்டும்.

அந்த அறிவிப்புத் தாளை என் மனைவி தான் வேலை செய்த தையல் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தாள். இரவுச் சாப்பாட்டில், என் தட்டுக்குப் பக்கத்தில், கோர்ட்டு சம்மனை வைப்பது போல வைத்தாள்.

"வாங்கலாமா?"

நான் அப்போது ஒரு லோரிக் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. எதைக் கேட்டாலும் முதலில் பென்சிலைத் தேடுகிற ரகம். தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். ஏழு தடவை போனால் கட்டிய பணம் கழிந்துவிடும். ஆனால் குனோங் ராபாட்டில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். மத்தியானம் மூன்று மணி ஆனால் ஈப்போவில் மழை வரும். சின்னவளுக்கு ஆறு வயது. சறுக்கு வாசலில் உயரம் பார்க்க ஒரு கோடு போட்டிருந்தார்கள், அதற்கு நாலு விரற்கடை குறைவாக இருந்தாள். எனக்கோ ராட்டினத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே காலையில் பசியாறியது மேலே வரும். என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. ஆக, நாலு பேர் பாஸை முழுதாகப் பயன்படுத்தக்கூடிய ஒரே ஆள் எட்டு வயதான மூத்தவள்.

"ஏழு தடவை போவோமா?" என்று கேட்டேன்.

"அம்பது தடவை போவோம்."

"அம்பதா?"

"வருசத்துக்கு அம்பத்திரண்டு ஞாயித்துக்கிழமைங்க. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் ஒண்ணு ஒண்ணு விட்டுட்டேன்."

பென்சில் இல்லாமலே போட்ட கணக்கு. அதற்கு மேல் என் கணக்கை நான் காட்டவில்லை.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். திங்கள் முதல் சனி வரை அவள் சட்டைக்காலர் தைத்தாள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், மனைவியோடும் நாலு பிள்ளைகளோடும் வந்து இறங்குவார். தாப்பா பக்கத்தில், ரப்பர் பால் தரும் கித்தா மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்ட ஒரு தோட்டத்தில் அவர் மண்டோர், வேலையாட்களை மேய்க்கிறவர். டவுனில் எங்கள் வீடு இருந்தது. டவுனில் அவர்களுக்கு ஆயிரம் வேலை இருந்தது: பாசார், சினிமா, பல் டாக்டர், காலணிக் கடை. வந்ததும் பசியாறல். மத்தியானம் சோறு, கோழிப் பிரட்டல். பிறகு ஹாலில் வரிசையாகத் தூக்கம். பிறகு தேத்தண்ணி. ஐந்து மணி பஸ். அவர்கள் எங்களைப் பார்க்க வரவில்லை. எங்கள் வழியாக டவுனுக்கு வந்துபோனார்கள். என் மனைவி காலை ஆறு மணிக்கு அடுப்பங்கரைக்குள் போனால் அந்தப் பஸ் கிளம்பிய பிறகுதான் வெளியே வருவாள். வந்ததும் மறுநாளைக்குச் சீருடையை இஸ்திரி போட வேண்டும்.

எங்கள் ஆட்களிடம், உறவுக்காரரைப் பார்த்து வராதீர்கள் என்று சொல்ல வார்த்தை கிடையாது. அவர்கள் வரும்போது நாம் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். அதற்கும் கல்யாணம், கருமாதி, கோயில் என்ற மூன்று காரணங்கள்தான் செல்லும். மூன்றையும் நாங்கள் தீர்த்துவிட்டிருந்தோம். ஈப்போவில் இருந்த அத்தனை கோயிலுக்கும் நேர்த்திக்கடன் வைத்தாயிற்று. இல்லாத ஒரு பெரியப்பாவை லூமுட்டில் சாகடித்தேன். மச்சான் மறுவாரம் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்து, எல்லாரையும் கூட்டிவந்து, இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனார். சும்மா ஊர் சுற்றப் போனோம் என்றால் அது திமிர். இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன்.

என் மனைவி கண்டுபிடித்தது நாலாவது காரணத்தை.

"ஒவ்வொரு தடவையும் டிக்கட் வாங்கினா, நம்ம ஆசைக்குப் போற மாதிரி. பாஸ் எடுத்திட்டா போயே ஆகணும்லா. கட்டின காசு வீணாப் போயிடுமே!"

வருடப் பாஸில் உள்ள ஒரே கோளாறு என்று நான் நினைத்தது அதைத்தான்: வாங்கிவிட்டால் போயே ஆக வேண்டும். அவள் அதைத்தான் விலைக்கு வாங்க நினைத்தாள். கட்டின காசு வீணாகும் என்றால் எங்கள் ஆட்களில் பிணம் தூக்குகிறவன்கூடத் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். மச்சானால் எதிர்த்துப் பேச முடியாத ஒரே வாதம் அது.

அடுத்த ஞாயிறு எப்படியோ விஷயம் கசிந்து மச்சான் காதுக்குப் போனது. எப்படியோ என்ன, நான்தான் உளறினேன்.

"என்ன மச்சான், நெசமா? குட்டையில பொம்மப் படகு ஓட்ட வருசச் சந்தாவா?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "எங்க தோட்டத்துல இல்லாத குட்டையா? ஒரு தகரத்த மிதக்க விட்டா ஓசியிலயே ஓட்டலாம்லா."

"பிள்ளைங்களுக்கு ஆசை, மச்சான்," என்றேன். பழியைப் பிள்ளைகள் மேல் போடுவது என் வழக்கம்.

அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, ஓசியில கெடைக்கிற எதுக்கும் பின்னால யாரோ ஒருத்தி நின்னு வேலை செய்றா."

மச்சான் தலையாட்டினார். "அதுவும் சரிதான். சம்பல் இருந்தாக் கொண்டா, தங்கச்சி."

மாதக் கடைசி நெருங்க நெருங்க எனக்கு உதறல் எடுத்தது. இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே என்றேன். "நீங்க யோசிங்க, நான் நாளைக்குப் போறேன்," என்றாள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும், ஓவர்டைம் காசில் அவளே வாங்கிவந்தாள். அட்டையில் ஒட்டக் கொடுத்தது நாங்கள் நாலு பேரும் நின்ற படம். மூன்று பேர் நேராகப் பார்த்தார்கள். என் கண் மூடியிருந்தது. இந்த விவகாரத்தில் என் நிலைப்பாட்டை எந்தப் படமும் அவ்வளவு சரியாகப் பிடித்ததில்லை. மச்சானிடம் ஒரு வாக்கியம் பேச வேண்டிய நான், அவள் ஒரு வருடச் சந்தா கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிறு. எட்டு மணிக்கே கதவைப் பூட்டினோம். கதவில் ஒட்ட அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "பூங்காவுக்குப் பாஸ் எடுத்திருக்கிறோம். போகாவிட்டால் வீணாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லை." கடைசியில் நானாக 'மன்னிக்கவும்' என்று சேர்த்தேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த வார்த்தை இல்லாமல் மறுபடி எழுதச் சொன்னாள். எழுதி ஒட்டினேன். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியதும், கிராணி புத்தி, அடியில் பூங்கா இருக்கும் இடத்தையும் ஏற வேண்டிய பஸ்களின் எண்களையும் பொடி எழுத்தில் சேர்த்துவிட்டேன். விவரம் இல்லாத கடிதத்தை என் கை ஒருநாளும் அனுப்பியதில்லை. தவிர, பாவம், அவர்கள் கவலைப்படக் கூடாதே என்று பார்த்தேன்.

பதினோரு மணிக்கு அவர்கள் ஆறு பேரும் பூங்காவின் வாசலில் டிக்கட் வாங்கி உள்ளே வந்தார்கள். மச்சான் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள், வரும் வழியில் பாசாரில் வாங்கிச் சுத்தம் பண்ணிய ஒரு முழுக்கோழி.

என் மனைவி கோழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ராட்டினத்தைப் பார்த்தேன்.

"நல்ல எடமாத்தான் இருக்கு, தங்கச்சி," என்றார் மச்சான் தாராளமாக. "வா, வீட்டுக்குப் போலாம். சமைச்சுச் சாப்பிட்டுட்டு நீங்க திரும்பி வந்திருங்க."

"பாஸ் எடுத்திருக்கோம்ணே. வீணாயிடும்."

"எப்படி வீணாவும்? வருசத்துக்குலா எடுத்திருக்க! எத்தன தடவ வேணும்னாலும் உள்ள வரலாம்னுதானே போட்டிருக்கு? நாங்கதான் இன்னிக்கு டிக்கட்டுக்குக் காசு கட்டி வந்திருக்கோம். எங்களுக்குத்தான் நட்டம்!"

மண்டோர் சொன்னதில் ஓட்டை இல்லை. ஒருநாள் டிக்கட்டாக இருந்தால் வெளியே போனால் போனதுதான். வருடப் பாஸ் எடுத்தவளுக்கு எப்போது வெளியே போனாலும் எதுவும் குறையாது. அவள் அவ்வளவு யோசித்து வாங்கிய காரணம், பிளாஸ்டிக் பையில் இருந்த கோழிக்கு முன்னால் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். வீட்டுக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். நேரே படகுத்துறைக்குப் போய், அட்டையைக் காட்டி, பிள்ளைகள் இருவரையும் ஓர் அன்னப்பறவைக்குள் ஏற்றினாள். தானும் ஏறினாள். நீச்சல் தெரியாதவள், பலகையைப் பிடித்துக்கொண்டு நடுக்குட்டைக்கு மிதித்தாள்.

செம்பனைக் காட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் மச்சானுக்கு.

"தங்கச்சீ! கரைக்கு வா!"

"நேரமாகலண்ணே!"

"எவ்வளவு நேரம்?"

"பாஸ் வருசத்துக்குண்ணே!"

கரையில் இருந்த சீனக் குடும்பம் ஒன்று ஐஸ்கிரீம் தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"கோழி கெட்டுப் போயிடும்!"

"கெட்டாக் கெடட்டும்!"

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. மச்சான் பையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார், அவளுக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். படகு தானாகக் கொஞ்சம் சுற்றி எங்கள் பக்கம் திரும்பியது.

"அண்ணே! வீணாப் போயிடும்னு நான் சொன்னது பொய்! ஆறு நாள் தைக்கிறேன், ஏழாவது நாள் சமைக்க முடியாது. எனக்கு ஞாயித்துக்கிழம வேணும்! வரணும்னா சனிக்கிழம ராத்திரி சமைச்சு எடுத்திட்டு வாங்க, சேந்து சாப்பிடுவோம். நான் அடுப்புக்குப் போக மாட்டேன்!"

தண்ணீர் மேல் குரல் நன்றாகக் கேட்கும். குட்டி ரயிலில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "என்ன மச்சான், நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

பல நல்ல பதில்கள் எனக்குப் பின்னால் தோன்றின. பஸ்ஸில் சில, படுக்கையில் சில. அந்த இடத்தில் வந்தது இதுதான்: "அவ வர மாட்டா, மச்சான்." சொல்லிவிட்டேன். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அந்த மனிதரிடம் நான் சொன்ன முதல் மறுப்பு அது. வேறு யாராவது அதை வீரம் என்று சொன்னால் நான் தடுக்க மாட்டேன்.

மச்சானின் மனைவி அதுவரை எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மாதத்துக்கு நாலு ஞாயிறு என் மனைவிக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்தவர் அவர். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, உள்ளே போயிருந்த கல்லைத் தட்டிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்தப் படகுல எத்தன பேரு ஏறலாம்?" என்று என்னைக் கேட்டார்.

"நாலு பேரு, அக்கா."

"நம்ம டிக்கட்டுக்கு ஒரு தடவதானே? அப்ப இப்பவே ஏறிடுறேன்." பிள்ளைகளில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனார்.

மச்சான் இரண்டு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். கோழியையும் கூடவே கொண்டுபோனார். மூத்த மகனைக் கூட்டிப் போனார், மற்றவர்கள் வரவில்லை. அவர்கள் எங்களோடு கடையில் மீ கோரேங் சாப்பிட்டுவிட்டு, ரயிலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் போனார்கள். தங்கச்சி பண்ணியது தோட்டம் முழுக்கப் பரவியது. அவள் தலைக்கனம் பிடித்தவள் என்றும், நான் பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் என்றும் பேசிக்கொண்டார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் நாங்கள் மறுக்கவில்லை. கதவில் ஒட்டியதை அவள் அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தாள். பொடி எழுத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை.

மறுவாரம் விடிந்தபோதே மழை. குனோங் ராபாட்டின் சுண்ணாம்பு மலைகள் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கு உள்ளூர நிம்மதி.

"இந்த மழையில ஒண்ணும் ஓடாது," என்றேன். "மச்சானும் கோவத்துல இருக்காரு, வர மாட்டாரு. வீட்டுலயே இருந்திடலாமே?"

"வந்திட்டா?"

வந்துவிட்டால் என்ன செய்வோம் என்று யோசித்தேன். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டு குடை, ஒரு பிளாஸ்க், நாலு பேர், இரண்டு பஸ். வாசலில் இருந்த மலாய்க் காவலாளி மழைக்கோட்டுக்குள்ளிருந்து எங்களை இரக்கத்தோடு பார்த்தார். படகு இல்லை, ரயில் இல்லை, எல்லாம் துத்தூப், பூட்டியாகிவிட்டது என்று கையை விரித்தார். திரும்பிப் போங்கள், பாஸ் அப்படியே இருக்கும், வெயில் அடிக்கிற ஒருநாள் வாருங்கள், காக், அக்கா, என்றார்.

என் மனைவி அட்டையை அவர் முன்னால் நீட்டியபடியே நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் அவர் மேசைமேல் சொட்டியது.

"தெரியும், அண்ணே," என்று மலாயில் சொன்னாள். "ஏற வரல. உக்கார வந்தோம்."