சால்வைக்கு முன்னால் ஒரு வார்த்தை

நாலு பேர் கூடினால் சங்கம், ஐந்தாவது ஆள் வந்தால் போட்டிச் சங்கம். இப்படிப்பட்டவர்களை உட்காரவைத்து அரசாங்கத்திடம் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுப்பதுதான் தொண்ணூறுகளில் எனக்குச் சோறு போட்ட தொழில். ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்து, கூட்டத்துக்கு ஆள் வராமல், தானே ஜமக்காளம் விரித்துத் தானே சுருட்டிவைத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்கள் என் கட்சி. மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கோவை அவினாசி சாலையில், தொழில் சங்கங்களுக்குப் பயிற்சி தரும் சின்ன அமைப்பு ஒன்றில் இருந்தேன். பல்லடத்து விசைத்தறிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள் என்று பலரும் வந்து போனாலும், என் தூக்கத்தைக் கெடுத்தது கிரைண்டர் சங்கம்தான். வீட்டில் மாவாட்டும் கிரைண்டரைச் சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்து விற்பவர்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி கிரைண்டரையும் ஆடம்பரப் பொருளாக்கி விற்பனை வரியை ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. பெரிய கம்பெனிகள் தாங்கிக்கொள்ளும். பட்டறைக்காரர்களால் முடியாது. சங்கச் செயலாளர் பழனிச்சாமி அப்படி ஒரு பட்டறைக்காரர். ஒரு கம்பெனியில் பல வருஷம் லேத் ஓட்டிவிட்டு, கணபதிப் பகுதியில் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தார். வரி ஏறினால் அதை மூடிவிட்டு, மறுபடி அதே லேத்தின் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

ஒத்திகை

காந்திபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த மாடி அறைதான் சங்கக் கட்டடம். முதல் வகுப்பில் நான் அதிகாரி மாதிரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொருவராக வந்து இரண்டு நிமிடத்தில் கோரிக்கையைச் சொல்ல வேண்டும். வந்தார்கள். காப்பி குடித்தாயிற்றா என்று கேட்டார்கள். எனக்கு ஈரோடு என்றதும், ஈரோட்டில் எந்தப் பக்கம், யார் வீடு என்று விசாரித்தார்கள். மழை உண்டா, மஞ்சள் என்ன விலை என்றார்கள். ஒருவர் என் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதையே கண்டுபிடித்துவிட்டார். நேரம் முடிந்ததும் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். வரி என்ற வார்த்தையை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். கடைசியாக எழுந்த பழனிச்சாமியை நிறுத்தி, வந்த விஷயத்தை ஏன் யாருமே சொல்லவில்லை என்று கேட்டேன். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "பொண்ணு கேக்கப் போனாக்கூட மழை தண்ணியப் பத்தி நாலு வார்த்தை பேசிப்போட்டுத்தானுங்க கேக்கறோம். வந்ததும் வராததுமாக் கேட்டா நல்லாவாங்க இருக்கும்?"

பதினைந்து நிமிடப் பேட்டி

வரித்துறையின் பெரிய அதிகாரி ஒருவர் கோவைக்கு வந்தார். எங்கெங்கோ அலைந்து, அரசினர் விருந்தினர் மாளிகையில் பதினைந்து நிமிடம் வாங்கினேன். எங்கள் ஆட்கள் வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு சால்வை அக்குளில். தலைவர் கோவிந்தசாமி அதிகாரிக்குச் சால்வை போர்த்தினார். பிறகு துணைத்தலைவர். பிறகு பொருளாளர். ஒருவர் போர்த்தி இன்னொருவர் போர்த்தாவிட்டால் மனக்கஷ்டம் வந்துவிடுமாம். பிறகு அதிகாரியின் உதவியாளருக்கு. அவருக்குப் போர்த்திவிட்டு உள்ளூர் அதிகாரிகளை விட முடியுமா? அவர்களுக்கும். போட்டோக்காரரின் ஃப்ளாஷ் வேலை செய்யவில்லை என்று தலைவரின் சால்வை மட்டும் மறுபடியும் ஒரு தடவை.

அதன் பிறகு தலைவர் வரவேற்புரையை ஆரம்பித்தார். சிறுவாணித் தண்ணீரின் ருசியைச் சொல்லி முடிப்பதற்குள் உதவியாளர் எழுந்து கடிகாரத்தைக் காட்டினார். நான் மகஜரைக் கையில் பிடித்தபடி கார் வரைக்கும் ஓடினேன். கதவு சாத்தியாகிவிட்டது. அதிகாரி கண்ணாடியை இறக்கி, நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார்: "ரொம்பச் சந்தோஷம், ஏதாவது கோரிக்கை இருந்தா தயங்காமச் சொல்லுங்க."

பட்டறையில்

மறுநாள் பழனிச்சாமியின் பட்டறைக்குப் போனேன். திட்டத்தான் போனேன், வாய் வரவில்லை. கல் பொருத்தாத டிரம்கள் சுவரோரமாக அடுக்கிக் கிடந்தன. வரி வரப்போகிறது என்ற பேச்சிலேயே கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். மனிதர் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது கண்ணிலேயே தெரிந்தது. பழைய கம்பெனி மேஸ்திரியைப் பார்த்து, இடம் இருந்தால் சொல்லச் சொல்லி வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அதிகாரி மரியாதையை ரொம்ப மெச்சினார் என்று சொல்லிவைத்தேன். பழனிச்சாமியின் மனைவி சரஸ்வதி மோட்டார்களைத் துடைத்து அட்டைப்பெட்டிகளில் வைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கேட்டார்: "ஏனுங்க அம்மணி, அங்க அவருக்குச் சால்வை போத்திப்போட்டீங்க, சரிங்க. இங்க வேலைக்கு வாரவிய நாளைக்கு வேலை இருக்குதுங்களான்னு கேக்கறாங்களே, அவியளுக்கு என்னத்தப் போத்தறதுங்க?"

புதுச் சட்டம்

அடுத்த வகுப்பில் நான் சட்டம் போட்டேன். கோரிக்கை முதலில், சால்வை பிறகு. சென்னையில் நேரில் பேச ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தது. இதையும் தொலைத்தால் அப்புறம் வரி வந்த பிறகு ஒப்பாரிதான் வைக்க வேண்டும் என்றேன். அறையே கொதித்துப்போனது. வெறுங்கையோடு போய் நிற்பதா, நம் ஊர்ப் பெயர் என்னாவது என்றார்கள். எல்லோரும் தலைவர் கோவிந்தசாமியைப் பார்த்தார்கள். வயதில் மூத்தவர். பழனிச்சாமி பட்டறை போட்டபோது இடம் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். அவர் பேச ஆரம்பித்தால் முடிக்கும் வரைக்கும் மற்றவர்கள் தும்மக்கூட மாட்டார்கள்.

கடைசியில் சால்வைகளெல்லாம் என் பைக்குள் இருக்கட்டும், நான் கண் காட்டிய பிறகே வெளியே வரட்டும் என்று முடிவானது. தலைவர் முதலில் இரண்டு வாக்கியம் பேசுவார், விஷயத்தைப் பழனிச்சாமி சொல்வார். எல்லோரும் எழுந்த பிறகு தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க சொன்னாச் சரிங்க அம்மணி, ஆனா ஒரே ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் கையில குடுத்துப்போட்டுப் பேசறனுங்களே?"

சென்னையில்

எலுமிச்சம்பழத்துக்குச் சம்மதித்தேன். சென்னை அலுவலகத்தில் எங்களுக்குக் கொடுத்தது பத்து நிமிடம். எதிரே அதே அதிகாரி. தலைவர் பழத்தைக் கொடுத்தார். இரண்டு வாக்கியமும் பேசினார். மூன்றாவது வந்தது. நாலாவது வந்தது. கொங்கு நாட்டின் விருந்தோம்பல் வந்தது. மருதமலை வந்தது. நான் இருமினேன், தரையில் காலை உதைத்தேன். பேச்சு பேரூர்க் கோயில் பக்கம் திரும்பியது. எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டபோது, பக்கத்திலிருந்து பழனிச்சாமியின் குரல் கேட்டது. "கொஞ்சம் இருங்கண்ணா."

உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும், அது எத்தனை பெரிய காரியம் என்று. நாலு பேர் முன்னால் மூத்தவர் பேச்சை வெட்டுவது எங்கள் பக்கத்தில் உறவு முறியும் சமாசாரம். பழனிச்சாமிக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்னார். வேலை செய்கிறவர்களைச் சொன்னார், நின்றுபோன ஆர்டர்களைச் சொன்னார், மூடினால் தான் எந்த லேத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னார். மோட்டாரில் ஓடுகிற மெஷின்தானே என்று அதிகாரி கேட்டார். தோட்டத்தில் தண்ணீர் இறைப்பதும் மோட்டார்தான், அதை யாரும் ஆடம்பரம் என்பதில்லையே என்றார் பழனிச்சாமி. வகுப்பில் நான் எத்தனை தடவை கேட்டும் வராத பதில்.

அதிகாரி தலைவர் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். தலைவர் கோபித்துக்கொண்டு எழுந்திருந்தால் சங்கம் அந்த நாற்காலியிலேயே இரண்டாக உடைந்திருக்கும். கோவிந்தசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ர பேச்ச இதுவரைக்கும் ஒருத்தரும் நடுவுல நிறுத்துனதில்லீங்க, இவனே நிறுத்திப்போட்டான்னா இவனுக்கு எம்புட்டு வலிக்குதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

பகல் தூக்கம்

பிறகு வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஒருநாள் காலை பேப்பரில் வரி மாற்றங்கள் வந்தன. ஆடம்பரப் பொருள்கள் பட்டியலை விரல் வைத்து மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலேயும் பார்த்தேன். கிரைண்டர் இல்லை. பழைய வரியே தொடரும் என்று வரித்துறையில் கேட்டும் உறுதி செய்துகொண்டேன். அலுவலகத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் அழுதேன். பியூன் பார்த்துவிட்டார், டீ வாங்கி வந்தார்.

பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்கு போன் போட்டேன். பழனிச்சாமியைக் கூப்பிடச் சொன்னேன். வந்தது சரஸ்வதி. சேதி தெரியுமா என்று நான் கத்தினேன். அவர் குரலைத் தணித்துத்தான் பேசினார். "தெரியுமுங்க அம்மணி, காத்தால பேப்பரப் பாத்துப்போட்டு அட்டைப்பெட்டி மேல சாஞ்சவருதானுங்க, லேத்து ஓடற சத்தத்துலயும் அசையாமத் தூங்கறாரு, நான் எழுப்ப மாட்டனுங்க, நீங்க பொழுது சாயக் கூப்பிடுங்க."

பத்து நிமிடம் பேசுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கும் உத்தியோகம் என்ன உத்தியோகம் என்று என் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை விளக்க முடியாததால், நான் ஏதோ கிரைண்டர் கம்பெனியில் வேலை பார்த்ததாகவே அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.