யாருடைய உயிர்?

ஜான்பாஸ் என்ற இந்திச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் குமட்டும். அலுவலகத்தில் நடந்த இந்தி வகுப்பில் அதற்கு ‘உயிரைப் பணயம் வைப்பவன்’ என்று பொருள் எழுதிக்கொண்டேன். யாருடைய உயிரை என்று வாத்தியார் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் தலைநகரின் மயூர் விஹாரிலிருந்து அரசு ஊழியர்களான நாங்கள் பலர் மாதச் சந்தா கட்டி ஒரு சார்ட்டர்ட் பஸ்ஸில் வேலைக்குப் போனோம். அதன் ஓட்டுநர்தான் எங்கள் ஜான்பாஸ். ஸ்டியரிங்கில் ஒரு கை, மறு கையில் பீடி. யமுனைப் பாலம் முடிவதற்குள் அவன் எத்தனை வண்டிகளை முந்துகிறான் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். பதினொன்று வரை போனதுண்டு. பின்னால் சீட்டாடும் கூட்டம், அத்தனை பேரும் படித்தவர்கள், கைதட்டி ‘வாஹ் ஜான்பாஸ்’ என்பார்கள்.

நிறுத்தங்களில் அவன் நிறுத்தியதே இல்லை. வேகம் குறையும், குதிக்க வேண்டியதுதான்.

எனக்கு முன் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண், வேறோர் அமைச்சகத்தில் குமாஸ்தா, ஏழு மாதக் கர்ப்பிணி. எனக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்குவாள். ஒரு நாள் குதித்தவள் முழங்கால் மடிந்து விழுந்தாள். வயிற்றைக் கையால் அணைத்தபடி எழுந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ் நிற்கவில்லை. ஓட்டுநரிடம் போய்க் கத்தினேன். சிரித்தான். சீட்டாடிக்கொண்டிருந்த என் பக்கத்து வீட்டுக்காரர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “விடுங்க சார், ஒண்ணும் ஆகலேல்ல? டயத்துக்கு ஆபீஸ்ல கொண்டு விடுறானே, அதப் பாருங்க.”

மறுநாள் அவளுடைய நிறுத்தம் வருமுன் எழுந்துபோய் முன்கதவுப் படியை அடைத்துக்கொண்டு நின்றேன். வேகம் குறைந்தது. நான் இறங்கவில்லை. அங்கே இறங்க வேண்டிய ஆறேழு பேர் ‘ஜல்தி, ஜல்தி’ என்று முதுகில் இடித்தார்கள். கம்பியை விடவில்லை. என்னை வைதுகொண்டே அவன் பிரேக்கை மிதித்தான். சக்கரம் அசைவற்று நின்ற பிறகே இறங்கினேன். என் பின்னால் அவள், ஒவ்வொரு படியாக.

பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். “இனிமே நம்ம பஸ்ஸுக்கு நீங்கதான் சார் ஜான்பாஸ்.”

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். முகத்தில் எச்சில் பட்டது போலிருந்தது எனக்கு.

பஸ் போய்விட்டது. என் அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தத் தூரம் நடக்க வேண்டும். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

“நாளைக்கும் இங்கதானே சார் இறங்குவீங்க?”

பிரசவ விடுப்பு என்றைக்குத் தொடங்குகிறது என்று விசாரித்தேன். அதுவரை எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நடந்துவிடலாம் என்று தோன்றியது.