வாசல் நிலைக்கு எடுத்துப்போன நவதானியம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே எந்த ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் நான் மாட்டிய கதவு ஒன்றாவது இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, போய்த் தட்டிப் பாருங்கள். அப்பேர்ப்பட்டவன் ஒரு பிடி தானியத்தால் அழிந்துபோகப் பார்த்தேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடிச் சோறுகூட வெளியே போகக் கூடாது. அகப்பட்டவனை லாக்கப்பில் போட்டு, அப்படியே ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பேச்சு. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.

வேலிக்கு வெளியே புது லயம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்காக, பால் வெட்டிக்கொண்டிருந்த எங்களில் ஆறு பேரைத் துரை தச்சு வேலை பழக விட்டிருந்தார். பழக்கியவர் ஒரு சீனத் தச்சர். கடைசியில் ஆளுக்கொரு வாசல் நிலையைத் தனியாக நிறுத்திக் காட்ட வேண்டும். அவர் நூலில் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். நேராக நின்றால் தச்சன். சாய்ந்தால் மறுபடியும் பால்வாளி.

வாசல் நிலை வைக்கும்போது மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து தலைக்கட்டையில் கட்டுவது நம் வழக்கம். என் முறை வந்த அன்று மனைவி முடிந்து கொடுத்ததை உளிப்பெட்டியில் போட்டுக்கொண்டேன். அது எனக்குச் சாமி காரியம். தின்கிற பொருள் என்று புத்தியில் படவே இல்லை. கேட்டில், முன்னால் நின்ற பெண்ணின் முக்காட்டைப் போலீஸ்காரர்கள் உதறிக் காட்டச் சொன்னார்கள் பாருங்கள், அப்போதுதான் உறைத்தது.

பின்னால் நின்ற கூட்டாளி என் முகத்தைப் பார்த்தான். "என்ன மச்சான், தச்சருக்கு மூஞ்சி வெளுத்திருக்கு? பொண்டாட்டி அடிச்சிட்டாளா?"

"பெட்டிக்குள்ள நவதானியம் இருக்குடா."

"அடப்பாவி! என் பக்கத்துல நிக்காத லா!" என்று தள்ளி நின்றுகொண்டான்.

மலாய்க்கார சார்ஜன் முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினார். "யாருக்கு இது?" என்று மலாயில் கேட்டார்.

"கதவுக்கு, துவான்."

"கதவு திங்குமா?"

இரண்டு துப்பாக்கிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, என்னை முன்னால் விட்டு, கட்டுகிற இடத்துக்கே நடத்திக்கொண்டு போனார். வழியெல்லாம் என் முதுகு கூசியது. சீனத் தச்சர் ரம்பத்தைக் கீழே வைத்தார். "இன்னிக்கு இவன் நிலை வைக்கணும். அது நிஜம். மத்தது எனக்குத் தெரியாது" என்றார்.

"இவன் மேல கட்டிட்டுப் போவான், பின்னாலேயே ஒருத்தன் வந்து அவுத்துட்டுப் போவான். அதானே?" என்றார் சார்ஜன்.

படித்தவனாயிருந்தால் அங்கே அழுதிருப்பான். எனக்கு வேலைதான் கைகொடுத்தது. "மேல கட்டல துவான். நிலைக்கால் குழியில போட்டுச் சிமெண்டை ஊத்திடறேன். எவன் வந்து தோண்டித் திம்பான்?"

தானியத்தைத் துணியில் திரும்பக் கொட்டி என்னிடம் நீட்டினார். பிறகு, "போடு" என்றார்.

போட்டேன். சிமெண்டு குழியை மூடுகிறவரை துப்பாக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நிலையை நிமிர்த்தி, தாங்குகட்டை அடித்து, நூலைப் பிடித்தேன். குண்டு நிற்காமல் ஊஞ்சலாடியது. தச்சர் நூலை என்னிடமிருந்து வாங்கி இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்தார். "நேரா இருக்கு" என்றார், சார்ஜனைப் பார்த்து.

பூட்ஸ் சத்தம் தேய்ந்து போனது. "போயிட்டாங்க, விடு. கட்டை தாங்கும்" என்றார் தச்சர். இரண்டு தடவை சொன்னார். நிலைக்காலைப் பிடித்திருந்த என் விரல்கள் கழன்று வரவே இல்லை. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.