படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள்

தறி ஓடும் குடோனுக்குள் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பேசினால் கேட்காது. டீ வேண்டுமா, பாவு நூல் தீர்ந்துவிட்டதா, கரண்ட் எப்போது போகும் என்பதெல்லாம் கைச்சாடையிலும் உதட்டசைவிலும்தான். சூலூர்ப் பக்கம் எங்களுடைய எட்டு விசைத்தறிகளுக்கு நடுவே பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில், எட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஓர் ஆண் குரல் என் காதோரம் மெதுவாக, "அந்தத் தண்ணியக் குடிக்க வேண்டாமுங்க" என்றது.

கத்தினாலே கேட்காத இடத்தில் மெல்லச் சொன்னது எப்படிக் கேட்கும்? என் கணவர் நாலு தறி தள்ளி அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் படும்படி போய் நின்று, கூப்பிட்டீர்களா என்று உதட்டை அசைத்தேன். இல்லையென்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இதைப் படிக்கிற சிலருக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். உங்களுக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், பரிதாபம் மட்டும் வேண்டாம்.

அந்தக் குரலுக்கு மரியாதை அதிகம். எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் அத்தனை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. முதல் மாதம் தண்ணீர், சோறு என்று என்னைப் பற்றி மட்டும் சொன்னது. பிறகு என் மகள் தர்ஷினியைப் பற்றி ஆரம்பித்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குக் கொடுக்கிற எல்லாவற்றிலும் எதையோ கலக்கிறார்கள் என்றது. அவளுடைய டிபன் டப்பாவை நான் தினமும் சாக்கடையில் கொட்டுவதைக் கண்ட பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது.

தறிச் சத்தத்தில் காது கெட்டுவிட்டது என்று காது டாக்டரிடம்தான் முதலில் போனோம். காதில் குறையில்லை என்று அவர் கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களாம். அங்கே வந்து பார்க்கிறவரும் முகத்தை மூடிக்கொண்டுதான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். எனக்கு இருப்பது செவிவழி மாயப்புலன் (வெளியே ஒலி இல்லாமலே குரல் கேட்பது) என்றார். மாத்திரை கொடுத்தார். தூக்கம் தூக்கமாக வந்தது, எச்சில் ஒழுகியது, கை நடுங்கியது, நூல் முடிய முடியவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் குரல் முணுமுணுப்பாகத் தேய்ந்தது. தலைக்குள் கட்டி கிட்டி இல்லையென்று உறுதி செய்துகொள்ள ஒரு எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலின் உட்பகுதியைப் படமெடுப்பது) எடுத்து வரச் சொன்னார்.

கட்டி இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். உண்மையைத்தான் எழுதுகிறேன். கட்டி என்றால் சொந்தக்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். இதற்கு யாரும் வருவதில்லை.

நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. என் கணவர் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, டியூப்லைட்டுக்கு நேராக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். நெய்த துணியில் குறை பார்ப்பது அப்படித்தான். வெளிச்சத்துக்கு மேல் விரித்தால் இழை விட்ட இடம் கண்ணில் பட்டுவிடும். மேலிருந்து கீழாக, ஓரத்திலிருந்து ஓரமாக, இருபது வருடப் பழக்கத்தோடு நிதானமாகப் பார்த்தார்.

"ஒரு எழ கூட அந்து போகல, அம்மணி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

குறையில்லை என்று தேறிய துணியை யாரும் மறுபடி தறிப் பக்கம் கொண்டுபோவதில்லை. டாக்டரிடம் படத்தைக் காட்டப் போகவேண்டிய நாளில் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். மாத்திரை நின்றது. பழியை அவர்மேல் மட்டும் போட மாட்டேன். எச்சில் ஒழுகாமல் விழித்திருக்க எனக்கும் ஆசையாக இருந்தது.

ஒரு மாதம் ஆகவில்லை, குரல் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா, படம் புடிச்சுப் பாத்தும் ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குச் சீக்கே இல்லீங்க. அப்ப நான் நெசந்தானுங்க."

எங்கள் எல்லோரையும்விட அது ஒழுங்காக யோசித்திருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலைக்கு மேல் போனால்தான் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று அது சொல்லியிருந்தது. காந்திபுரத்தில் மாறி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் உட்காரும்போதே அவள் தாகம் என்று அழுதாள். அவளுடைய பாட்டிலை ஜன்னல் வழியாக வீசினேன். பக்கத்து சீட்டிலிருந்த பெண் தன் பாட்டிலை நீட்டியபோது கையைத் தட்டிவிட்டேன். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலடி நடப்பதற்குள் குழந்தை சுருண்டு விழுந்தது. அந்தப் பெண்தான் அவளுடைய அடையாள அட்டையிலிருந்த நம்பருக்குப் போன் செய்தவர். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மகளுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது என் கணவரின் அக்கா வெள்ளகோவிலிலிருந்து வந்தார். என்னைத் திட்டவில்லை. "இனிப் புள்ளயத் தனியா உன்கிட்ட உட மாட்டேன். நீ நல்லா இருந்தா நீயே உட மாட்டே" என்றார். அடுத்த நாள் அவளைக் கையோடு கூட்டிப் போய்விட்டார்.

அந்த வாரம் உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்ததை டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

என் கணவர் பழைய படத்தை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்து, "இதுல ஒண்ணுமில்லைன்னுதானுங்க போட்டிருக்குது" என்றார். சண்டைக்குப் போகிற குரலில்தான் சொன்னார்.

"கட்டி இல்லைன்னுதாங்க போட்டிருக்கு. நோய் இல்லைன்னு போடலீங்க. இந்த நோய் இந்தப் படத்துல தெரியாது" என்றார் டாக்டரம்மா. என் கணவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மாத்திரை மறுபடி பிடிக்க நாளானது. அதற்கிடையில் டாக்டரம்மா ஒன்று கேட்டார். குரல் கேட்பவர்களின் மூளையை ஆராய்ச்சிக்காகப் படமெடுக்கிறார்கள், விருப்பமிருந்தால் வரலாம், இதனால் வைத்தியம் எதுவும் மாறாது என்று தெளிவாகச் சொன்னார். இது செயல்சார் எம்.ஆர்.ஐ. (மூளையில் எந்த இடம் எப்போது அதிகம் வேலை செய்கிறது என்பதை ரத்த ஓட்டத்தை வைத்துக் காட்டுவது). குரல் பேசும்போது கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும், நின்றதும் விட வேண்டும்.

அந்தக் குழாய்க்குள் படுத்ததும் தடதடவென்று சத்தம் தொடங்கியது. மற்றவர்கள் பயப்படுவார்களாம். எனக்கு வேலைக்கு வந்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது வந்தது.

"அமுக்க வேண்டாமுங்க."

அமுக்கினேன். அது சொன்னதற்கு மாறாக நான் செய்த முதல் காரியம் அதுதான். அது பேசி ஓயும்வரை கட்டைவிரலை எடுக்கவேயில்லை.

சில வாரம் கழித்துக் கணினித் திரையில் காட்டினார்கள். சாம்பல் நிற மூளையில், காதுக்குச் சற்று மேலே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. நான் பொத்தானை அமுக்கிய நேரங்களில் அந்த இடம் வேலை செய்திருக்கிறது. ஒரு ஆளின் படத்தை வைத்து நோய் உண்டு இல்லை என்று சொல்ல முடியாது, பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும் என்று டாக்டரம்மா முதலிலேயே எச்சரித்தார். போன தடவை பட்டது அவருக்கும் நினைவிருக்கும்.

என் கணவர் திரைக்கு மூக்கு முட்டும்படி குனிந்தார். "அப்ப இவளுக்கு நெசமாவே கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க. வெளிய சத்தமில்ல, அவ்வளவுதான். காதால கேக்கறப்ப வேலை செய்யற எடந்தான் இதுவும்."

இரண்டு வருடமாக நான் அழிச்சாட்டியம் பண்ணுகிறேன் என்றே என் கணவர் நினைத்திருந்தாராம், பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார். அங்கே கேட்டது வேறு. "ஏனுங்க, அந்த எடத்த மட்டும் எடுத்துப்போட முடியாதுங்களா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அந்த எடத்துலதாங்க உங்க பொண்ணு கூப்புடறதும் கேக்கும்."

அது ஆகி ஒன்றரை வருடமாகிறது. உடம்பு பெருத்துவிட்டது. கண்ணாடியில் தெரிகிறவள் யாரோ என் அக்கா போலிருக்கிறாள். தறிக்குப் போவதில்லை. மாத்திரையை ஒரு வேளையும் விடுவதில்லை. குரல் போய்விடவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை வரும், சில சமயம் பத்து நிமிடம், சில சமயம் ஒரு மணி நேரம். அது வந்து போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டேன். என் நாளில் எவ்வளவு எனக்கு மிஞ்சும் என்று காலையில் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளகோவில் போகிறேன். போன ஞாயிறு மத்தியானம் நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றார். ஒன்றரை வருடத்தில் முதன்முறையாக எங்கள் இருவரையும் தனியாக விட்டுப் போனார். நான் தர்ஷினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்து, மறுபக்கத்தை மூன்றாகப் பிரித்திருந்தேன். அப்போது அது வந்தது. அவளைப் பற்றித்தான் பேசியது. என்ன சொன்னது என்பதை இங்கே எழுத மாட்டேன்.

சொல்லாமல் மறைத்திருக்கலாம். பத்து நிமிடம் பல்லைக் கடித்திருந்தால், அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். பிறகு ஒரு நாள் அவளை வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள். அத்தனையும் அந்த நொடியில் மனதில் ஓடியது. கையை முடியிலிருந்து எடுத்தேன்.

"கண்ணு, நீ பக்கத்து ஊட்டு அக்காகிட்டப் போய் உக்காந்துக்க."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "பேசுதுங்களாம்மா?"

"ஆமா கண்ணு."

பாதி பின்னிய தலையோடு, ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டு போனாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, நின்னுபோச்சுங்களா?"

"இன்னுமில்ல கண்ணு. அங்கயே இரு."